தந்தி அறையின் பத்துச் சொல்

கண்டியில், குளத்துப் பக்கமாகத் திரும்பும் தெருவில் நிற்கும் பழைய தபால் கந்தோரின் தந்தி அறைக்குள், ஒருவர் ஒரு நாளில் பத்துச் சொல்லுக்கு மேல் பேச முடியாது. பேசிப் பார்க்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் சுவருக்குள்ளிருந்து 'டக்' என்று ஒரு சத்தம் வரும். பத்தாவது சொல்லுக்கு 'ணிங்' என்று மணி அடிக்கும். அதற்குப் பிறகு வாய் அசையும், சத்தம் வராது. அறையை விட்டு வெளியே கால் வைத்ததும் குரல் திரும்பிவிடும். ஆனால் மறுபடி உள்ளே பேச வேண்டுமென்றால் மறுநாள் விடிய வேண்டும். சிங்களம், தமிழ், இங்கிலீஷ் என்ற பேதம் அந்த அறைக்குக் கிடையாது. கெட்ட வார்த்தையும் எண்ணிக்கையில் சேரும் என்பதை ஒரு லொறி ட்ரைவர் தன் பத்தையும் ஒரே மூச்சில் செலவழித்து நிரூபித்திருக்கிறார். பேராதனையிலிருந்து மூன்று பேராசிரியர்கள் கருவிகளோடு ஆராய வந்தார்கள். முதலில் யார் பேசுவது என்று ஒருவருக்கொருவர் மரியாதையாக விட்டுக்கொடுத்ததிலேயே மூவருக்கும் சொல் தீர்ந்துபோய், கருவிகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ப்ளேன்டீ குடித்துவிட்டு, இரண்டேகால் பஸ்ஸில் ஏறிப் போனார்கள்.

இதில் அதிசயப்பட என்ன இருக்கிறது என்று அந்தத் தெருவில் இருப்பவர்கள் கேட்பார்கள். அந்தக் கட்டிடம் வெள்ளைக்காரன் காலத்தில் கோப்பிக் கிட்டங்கியாகக் கட்டப்பட்டது. கோப்பிச் செடிக்கு நோய் வந்து தோட்டங்கள் நாசமானதும், சும்மா கிடந்த கிட்டங்கியைத் தபால் கந்தோர் ஆக்கினார்கள். பெரிய யுத்தத்தில் அங்கே பட்டாளத்துக் கடிதங்களைப் பிரித்தார்கள். அதன் பின்னறையில் எழுபது எண்பது வருஷம் தந்தி அடித்தார்கள். பத்துச் சொல்லுக்கு ஒரு கட்டணம், மேலே போனால் ஒவ்வொரு சொல்லுக்கும் தனிக் காசு என்பதால், சாவு, பிறப்பு, வேலை, சண்டை எல்லாவற்றையும் சனங்கள் விரல் விட்டு எண்ணிப் பத்துக்குள் அடக்கினார்கள். எண்பது வருஷப் பழக்கத்தை ஒரு அறை எப்படி விடும்? கடைசித் தந்தி போய், இயந்திரத்தைக் கழற்றி எடுத்த மறுநாளிலிருந்து அறை தானே எண்ணத் தொடங்கியது. தபால் வேலைகள் புதுக் கட்டிடத்துக்குப் போனதும், பழையதை அறை அறையாக வாடகைக்கு விட்டார்கள். கட்டிடத்துக்குப் பொறுப்பாளராக செல்லப்பாவை விட்டுவைத்தார்கள்.

இந்தக் கதை நடந்தபோது செல்லப்பாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. கல்யாணம் ஆகவில்லை. கண்டியில் அவரைவிட அதிகம் பேசுகிற ஆள் இருந்ததாகப் பதிவில்லை. அது பிறவிக் குணம் அல்ல, வேலையால் வந்தது. பத்தொன்பது வயதில் தந்திச் சேவகராகச் சேர்ந்து, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு பஸ்ஸிலும் நடையிலும் தந்தி கொண்டுபோனார். காக்கிச் சட்டை மலையில் ஏறுவதைக் கண்டாலே லயக் குடியிருப்புப் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு அழத் தொடங்கிவிடுவார்கள். அந்த அழுகையை அவரால் தாங்க முடியவில்லை. அதனால் போனதும் தந்தியை நீட்டாமல், மழையைப் பற்றி, கொழுந்து நிறுவையைப் பற்றி, வாசலில் நிற்கும் ஆட்டின் காது எவ்வளவு நீளம் என்பதைப் பற்றிப் பேசி, முகங்கள் கொஞ்சம் தெளிந்த பிறகே விஷயத்துக்கு வருவார். ஒரு தடவை பேசிப் பேசித் தந்தியைக் கொடுக்காமலேயே திரும்பி வந்துவிட்டார். நல்லவேளை, அது பேரன் பிறந்த செய்தி. தாத்தாக்காரர் மூன்றாம் நாள் ஒரு கோழியையும் நாலு ஏச்சையும் கொண்டுவந்து கந்தோரில் கொடுத்துவிட்டுப் போனார். தந்தி நின்றது, பேச்சு நிற்கவில்லை. விஷயத்தைச் சுற்றி நடக்க மட்டும் பழகிய மனுஷன், விஷயத்துக்குள் நுழையும் வழியை மறந்தே போனார்.

தந்தி அறை எண்ணத் தொடங்கிய பிறகு அதற்குள் அவர் ஒரே ஒரு தடவைதான் போயிருக்கிறார். கூரை ஒழுகுகிறது என்று மேசன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனவருக்கு, வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. வெளியே வந்து மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். தொண்டையில் நின்றுபோன சொற்கள் சூட்டைக் கிளப்பிவிட்டன என்று வைத்தியர் மருந்து கொடுத்தார். அதற்குப் பிறகு அறையைத் துப்புரவு செய்யவும் வேறு ஆள்தான்.

அறையை முதலில் எடுத்தவர் ஹுதைபா. கைத்தொலைபேசிக் கடை போட்டார். பேரம் பேச முடியாத கடையில் கண்டிச் சனம் சாமான் வாங்குமா? மூன்று மாதத்தில் எதிர்ப்பக்கத்துக் கடைக்கு மாறிப் போய், அங்கே நன்றாக இருக்கிறார். அடுத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தியாகராஜா மாஸ்டர் இரசாயனவியல் டியூஷன் வைத்தார். மாஸ்டர் பாடத்தோடு தன் சுயசரிதையையும் சேர்த்து நடத்துகிறவர். அந்த அறையில் ஒரு நாளைக்குப் பத்துச் சொல் சொல்லிவிட்டுக் கரும்பலகையில் எழுதத்தான் முடிந்தது. அந்த வருஷம் வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரும் பாஸ். மாஸ்டர் விறாந்தைக்கு வந்து நின்று கண்ணைத் துடைத்தார். "என்ர பிள்ளையள் பாஸ் பண்ணினது சந்தோசம்தான். ஆனா நான் இல்லாமலே பாஸ் பண்ணிப்போட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு, மறுமாதமே வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஒரு சமரசக் குழு வந்து உட்கார்ந்தது. பலாமரம் யாருடையது என்று நாற்பது வருஷம் இழுபட்ட வழக்கு இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. பிரியப்போகிறோம் என்று வந்த ஏழு சோடிகளில் ஆறு சோடி, ஆளுக்குப் பத்துச் சொல்லோடு பேச்சுத் தீர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு, சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள். வழக்கே இல்லாமல் போனதால் குழுவும் போய்விட்டது. தேர்தல் வந்தபோது ஒரு வேட்பாளர் அறையைக் கூட்டத்துக்கு எடுத்தார். "பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய பெரியோர்களே, தாய்மார்களே, சகோதர சகோதரிகளே, இளைஞர்களே, மாணவ மணிகளே" என்றதோடு மணி அடித்தது. மிச்ச ஐம்பது நிமிஷமும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார். இவ்வளவு அடக்கமான ஆளை நாங்கள் கண்டதில்லை என்று சனங்கள் வாக்குகளை அள்ளிப் போட்டார்கள், வென்றுவிட்டார்.

இந்தக் கூத்தெல்லாம் உள்ளே நடக்க, முன் விறாந்தையில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு ஞானேஸ்வரி உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருஷமாக அதே இடம். முத்திரை, கடித உறை விற்பாள், மூன்று மொழியிலும் விலாசம் எழுதுவாள், படிவம் நிரப்புவாள். எவ்வளவு பெரிய முறைப்பாட்டையும் படிவத்தில் விட்டிருக்கும் ஒற்றைக் கட்டத்துக்குள் அடக்கிவிடுவாள். அந்த வித்தைக்காகவே கட்டுகஸ்தோட்டையிலிருந்தும் ஆட்கள் தேடி வந்தார்கள். நாற்பத்தேழு வயது. கட்டுக்கலையில் தம்பி வீட்டில் இருந்தாள். தாயைப் படுக்கையில் வைத்துப் பார்த்ததில் கல்யாண வயது போய்விட்டது, அதை அவள் யாரிடமும் சொல்லிப் புலம்பியதும் இல்லை.

தினமும் எட்டரைக்கு செல்லப்பா இரண்டு ப்ளேன்டீயோடு அவள் மேசைக்கு வருவார். "ஒங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று தொடங்குவார். தொடங்கினால் ரயில் தாமதம், கரட் விலை, பெரஹராவுக்கு வந்த புது யானையின் நடை என்று போய், ஒன்பதரைக்கு "சரி, அப்புறம் பார்ப்போம்" என்று எழும்பிப் போவார். அந்த விஷயம் என்னவென்று தெருவுக்கே தெரியும். ஞானேஸ்வரிக்கும் தெரியும். அவள் ஊரில் ஆம்பிளைகள் எல்லோரையும், தன்னைவிட இளையவர்களைக்கூட, அண்ணே என்று கூப்பிடுகிறவள். செல்லப்பாவை மட்டும் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "இங்க பாருங்க" என்பாள், அவ்வளவுதான். இதைக் கவனிக்காத ஒரே ஆள் செல்லப்பா. பேசிக்கொண்டிருப்பவருக்கு எங்கே கேட்கும்?

போன வருஷம் கட்டிடத்தை ஒரு கம்பனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். பழைமை கெடாமல் சுற்றுலா ஹோட்டல் ஆக்கப் போகிறார்களாம். முன் விறாந்தையில் வரவேற்பு, அஞ்சல் பிரித்த கூடத்தில் சாப்பாடு, தந்தி அறையின் சுவரை இடித்துவிட்டு மதுபானசாலை. விறாந்தையில் இருப்பவர்கள் மாத முடிவுக்குள் எழும்ப வேண்டும் என்று அறிவித்தல் ஒட்டினார்கள். விறாந்தையில் இருந்தது ஞானேஸ்வரி ஒருத்திதான். அவள் அதை இரண்டு தரம் வாசித்தாள். வவுனியாவில் இருக்கும் அக்கா, தன் கடையைப் பார்த்துக்கொள்ள வரச் சொல்லி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு குட்ஷெட் பஸ் நிலையத்தில் இடம் பதிந்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு, செய்தி காதில் விழுந்த செல்லப்பா டீயோடு வந்து, "அது வந்து, ஞானேஸ்வரி, வவுனியாவுல இப்ப வெயில் ஜாஸ்தியாம், போன வருஷம் நம்ம ரெஜிஸ்டர் கிளார்க்கோட மச்சான்..." என்று தொடங்கினார். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இங்க பாருங்க. ஒங்க மழையும் வெயிலும் பத்தொன்பது வருஷம் கேட்டுட்டேன். எனக்கு அலுத்துப் போச்சு. சொல்ல வேண்டியது ஏதும் இருந்தா வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அறைக்குள்ள வந்து சொல்லுங்க. இல்லாட்டி சனிக்கிழமை நான் பஸ் ஏறுறேன்."

அவள் போய்விட்டால் அந்த எட்டரை மணியை என்ன செய்வது என்று நினைத்தபோதுதான், இத்தனை வருஷமும் தான் மற்ற இருபத்துமூன்று மணி நேரத்தையும் அந்த ஒரு மணி நேரத்துக்காகக் கழித்து வந்தது செல்லப்பாவுக்குப் புரிந்தது. நெஞ்சு வலித்தது. வலிக்கிறது என்று அதையும் ஹுதைபாவிடம் போய் முக்கால் மணி நேரம் சொன்னார்.

ஹுதைபா முழுவதையும் கேட்டுவிட்டு, "செல்லப்பா அண்ணே, எங்கட கலியாணத்துல மாப்பிள்ள செல்றது ரெண்டு சொல்லு. ஒங்களுக்குப் பத்து ஈக்கிது. இன்னும் என்னத்துக்கு யோசிக்கிறீங்க? எழுதிப் பாடமாக்குங்க" என்றார். அன்று மாலை செல்லப்பா ஒரு தாளில் எழுதினார். அறுபத்து நாலு சொல் வந்தது. செவ்வாய்க்கிழமை குறைக்க உட்கார்ந்தார், எண்பத்தொன்று ஆயிற்று. சொல்லைக் குறைக்கத் தெரிந்த ஆள் யார் என்று யோசித்தார். ஊரில் ஒரே ஒருத்திதான். புதன்கிழமை காலை மனுஷன் அந்தத் தாளைக் கொண்டுபோய் அவளிடமே கொடுத்தார், ஒரு கூட்டாளிக்காக என்று சொல்லி. அவருடைய கையெழுத்தைப் பத்தொன்பது வருஷமாகக் கந்தோர்க் குறிப்பேட்டில் பார்த்து வந்தவள் அவள்.

ஞானேஸ்வரி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு தலையிலிருந்து வால் வரை வாசித்தாள். ஒரு கோடு கூடப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். "இதுல வானம் இருக்கு, ரோட்டு இருக்கு, ஒங்க கூட்டாளிக்கு மூச்சு முட்டுற வருத்தம் இருக்கு. விஷயம் எங்க இருக்கு? விஷயம் இல்லாத கடிதத்தச் சுருக்க ஏலாது" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் படிவத்தை எடுத்தாள். அவர் திரும்பிப் போனபிறகு பேனாவை மூட மறந்து, சேலையில் மை ஊறியதை மத்தியானம்தான் பார்த்தாள்.

வியாழக்கிழமை கம்பனியின் எஞ்சினியர் சுதேஷ், நல்ல பிள்ளை, ஐந்து வேலையாட்களோடு சுவரை இடிக்க வந்தார். இடிக்கச் சொல்லித் தந்தி அறைக்குள் நின்று உத்தரவு கொடுத்தார். "இந்தச் சுவர உடைக்கணும், ஆனா முதல்ல கரண்ட் வயர் எல்லாத்தையும் கழட்டிட்டு, அப்புறம்" என்ற இடத்தில் மணி அடித்தது. அப்புறம் என்ன என்று தெரிந்துகொள்ள ஐந்து பேரும் மரியாதையாக நின்றார்கள். சுதேஷ் வெளியே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்கு அந்த அமைதி பிடித்துப் போயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து நிமிஷத்துக்கு ஒரு அழைப்பு வந்துகொண்டிருந்த மனுஷன், தொலைபேசியை எடுத்தாலும் பேச முடியாது என்பதால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாலு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தூங்கினார். சுவர் அன்று இடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை கண்டியில் ஒரு முகில் இல்லை. குளத்துத் தண்ணீர் கண்ணைக் கூசவைத்தது. பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஞானேஸ்வரி மேசையைப் பூட்டிவிட்டு உள்ளே போய், தந்தி அறையின் யன்னலோரம் நின்றாள். அறைக்கு வெளியே நடையில் ஹுதைபா கடையை அடைத்துவிட்டு வந்து நின்றார். தியாகராஜா மாஸ்டர் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். சுதேஷும் ஐந்து வேலையாட்களும் நின்றார்கள். செல்லப்பா சலவை செய்த சட்டையோடு, கக்கத்தில் வழக்கமான கறுப்புக் குடையோடு வந்தார். விடிய விடியப் பாடமாக்கிய பத்துச் சொல் நாக்கு நுனியில் இருந்தது. வாசற்படியில் நின்று, "பிள்ளையாரே" என்று நினைத்துக்கொண்டு காலை உள்ளே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், பாடமாக்கியது முழுவதும் போய்விட்டது. தெல்தோட்டை மலையில் அழும் முகங்களுக்கு முன்னால் வருகிற அதே பேச்சு, முப்பத்து நாலு வருஷப் பழக்கத்தில், தானாக வாயில் வந்தது.

"வானம் கறுத்துக்கிட்டு வருது, ஞானேஸ்வரி..."

சுவருக்குள் டக், டக், டக், டக். நடையில் ஹுதைபா தலையில் கை வைத்தார். மாஸ்டர், "ஐயோ, துலைஞ்சுது" என்றார்; நடையில் நின்றதால் அவருக்குச் சொல் எண்ணப்படவில்லை. செல்லப்பாவுக்கு வேர்த்து வடிந்தது. நிறுத்தவும் தெரியவில்லை, திரும்பவும் வழியில்லை.

"குடை இல்லாட்டி..."

ஆறு போய்விட்டது. மிச்சம் நாலு. குடையைத் தொட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பயந்துபோய்க் கண்ணை மூடினார். மூடிய கண்ணோடு வாய் தன் பாட்டில் சொன்னது:

"என்னோட குடையில வாங்க, வீட்டுக்கு."

ணிங் என்று மணி அடித்தது. தான் என்ன சொன்னோம் என்பது மணிச் சத்தம் அடங்கிய பிறகுதான் செல்லப்பாவுக்கு உறைத்தது. மழையிலிருந்து புறப்பட்ட பேச்சு வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு இடத்தில் போய்ச் சேர்ந்திருந்தது.

ஞானேஸ்வரி யன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். நெருப்பு வெயில். அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த வீட்டுக்கு?"

செல்லப்பா வாயைத் திறந்தார், சத்தம் இல்லை. கையைக் காட்டினார், அது எங்கேயோ கூரையைக் காட்டியது. பிறகு காற்சட்டைப் பையைத் துழாவி, மஹியாவையில் இருக்கும் தன் இரண்டு அறை வீட்டின் சாவியை எடுத்து அவள் முன்னால் யன்னல் கட்டையில் வைத்தார். அவள் அந்தச் சாவியைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் அழுகிறோம் என்று அவளுக்கே கோபமும் வந்தது.

"சரி, குடைய நான் புடிக்கிறேன், நீங்க பேசாம வாங்க."

அவளுக்கு மணி அடிக்கவில்லை. ஒரு சொல் மிச்சம் வைத்திருந்தாள். சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அவர் கக்கத்திலிருந்து குடையை உருவி, விறாந்தைக்கு வந்து விரித்தாள். இரண்டு பேரும் அந்தக் கொளுத்தும் வெயிலில் ஒரு கறுப்புக் குடைக்குள் ஒட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார்கள். அறையை விட்டு வெளியே வந்ததும் செல்லப்பாவுக்குக் குரல் திரும்பியிருந்தது. அவர் அதைப் பயன்படுத்தவில்லை. வழியில் கண்டவர்கள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள். தபால் கந்தோர் ஆட்கள் குடை பிடித்தால் காரணம் இல்லாமல் இருக்காது என்று நினைத்துத் தங்கள் குடைகளையும் விரித்தார்கள். அவர்கள் மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டும்போது தெரு முழுவதும் குடை விரித்துக்கொண்டு நடந்தது. ஒரு துளி மழை பெய்யவில்லை. சனிக்கிழமை வவுனியா பஸ் ஒரு இருக்கை காலியாகவே போனது.

ஹோட்டலை இந்த வருஷம் திறந்தார்கள். சுதேஷ் கம்பனிக்கு அறிக்கை எழுதி, தந்தி அறையை இடிக்காமல் கூட்ட அறையாக விட வைத்தார். அங்கே நடக்கும் கூட்டம் கால் மணி நேரத்தில் முடிகிறது என்று தெரிந்ததும் கொழும்பிலிருந்தும் கம்பனிகள் வருகின்றன. இரண்டு வருஷத்துக்கு இடம் இல்லை. உள்ளே போகும் பெரிய மனிதர்களுக்குத் தங்கள் விஷயத்தைப் பத்துச் சொல்லுக்குள் அடக்கத் தெரியவில்லை. ஆகவே ஞானேஸ்வரியின் மேசையை விறாந்தையிலேயே விட்டுவைக்கும்படி கம்பனியே கேட்டுக்கொண்டது. வரிசையில் நிற்கிறார்கள். அவள் சிவப்புப் பேனாவால் வெட்டி வெட்டிக் கொடுக்கிறாள். விலைப்பட்டியலில் காலைச் சாப்பாட்டுக்கும் சலவைக்கும் நடுவில் "கூட்ட அறை, ஆளுக்குப் பத்துச் சொல்" என்று அச்சடித்திருக்கிறார்கள்.

கல்யாணப் பதிவும் அந்த அறையில்தான் நடக்க வேண்டும் என்று ஞானேஸ்வரி சொன்னாள். பதிவாளர் அனுபவசாலி, சட்டப்படி வாசிக்க வேண்டியதையெல்லாம் விறாந்தையிலேயே வாசித்துவிட்டு, உள்ளே வந்து கேள்வியை மட்டும் கேட்டார். செல்லப்பா "சம்மதம்" என்றார். டக் என்று ஒரு சத்தம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். ஹுதைபா சிரிப்பை அடக்க முகம் துடைக்கும் லேஞ்சியை வாயில் வைத்துக்கொண்டார். செல்லப்பா ஞானேஸ்வரியைப் பார்த்துக்கொண்டே நின்றார். சொல்வதற்கு அவரிடம் வேறொன்றும் இல்லை. இன்னும் ஒன்பது சொல் பாக்கி இருக்கிறது என்று மாஸ்டர் விரல்களைக் காட்டி நினைவூட்டினார். செல்லப்பா தலையை ஆட்டிவிட்டு, ஒன்பதையும் அப்படியே விட்டுவிட்டு, மனைவியோடு சாப்பிடப் போனார்.